சைக்கிளும் ஒரு கொடிதான் (தோட்டத்து அடையாளங்கள் – 11)

தானா ராத்தா கடைத்தெருவில் கொடிகளுக்குப் பஞ்சமில்லை. தேசியக் கொடி இருக்கிறது. மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகப் பகாங் கொடி இருக்கிறது. தேர்தல் வந்தால் கட்சிக் கொடிகள் தெருவை மறைக்கும். தொழிற்சங்கக் கொடி மட்டும் எளிதில் கண்ணில் படாது. 1929இல் ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இந்த மலைச்சரிவில் லயத்துக்கு லயம் தமிழ்க் குடும்பங்கள் இருந்திருக்கின்றன. இன்று கொழுந்து வெட்டும் கைகளில் பல வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவை. அவர்கள் கையிலும் கொடி இல்லை.

போன வாரம் கங்காணியின் பிரம்பைப் பற்றி எழுதியதும் சில வாசகர்கள் கேட்டார்கள்: பிரம்பு அவர்களுடைய அடையாளம், சரி, நம்மாள்களுடைய அடையாளம் எது? நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஐரோப்பா வரை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

தொழிற்சங்க உலகில் கொடியைப் பற்றி அதிகம் யோசித்தவர்கள் அரசு மறுப்பாளர்கள். கட்சி வேண்டாம், பாராளுமன்றம் வேண்டாம், சம்பளம் வாங்கும் தலைவரும் வேண்டாம், வேலை செய்கிறவர்கள் கூடி முடிவெடுத்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. (கட்சி வேண்டாம் என்பதே ஒரு கட்சியாகிவிடுகிறது, என்ன செய்வது!) 1883 மார்ச் 9 அன்று பாரிஸில் வேலையில்லாதவர்கள் ஊர்வலம் போனார்கள். லூயி மிஷெல் என்ற பள்ளி ஆசிரியை துடைப்பக் கட்டையில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தார்கள். செங்கொடி ஏந்திய பாரிஸ் கம்யூன் 1871இல் ஆயிரக்கணக்கானோர் ரத்தத்தில் முடிந்திருந்தது. அந்தச் சாவுகளுக்கும் பசிக்கும் சேர்த்துத்தான் கறுப்பு. 1884 நவம்பரில் சிகாகோ தெருக்களிலும் அதே கறுப்புக் கொடி ஏறியது. 1910இல் பார்சலோனாவில் தொடங்கிய சி.என்.டி. என்ற பெருஞ்சங்கம் கறுப்பையும் சிவப்பையும் மூலைக்கு மூலை சேர்த்துத் தைத்தது. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பார்சலோனாவின் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்கள் தங்கள் பொறுப்பில் எடுத்து, கறுப்பும் சிவப்பும் பூசி ஓட்டினார்கள். அமெரிக்காவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கத்தார் முதுகைத் தூக்கிச் சீறும் கறுப்புப் பூனையை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். முதலாளிக்குக் குறுக்கே ஓடும் பூனை!

கறுப்பு, சிவப்பு என்றதும் தமிழர் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். திராவிடர் கழகக் கொடியிலும் அதே இரண்டு நிறங்கள். பெரியார் 1932இல் ஐரோப்பா சுற்றியபோது ஸ்பெயினுக்கும் போனார் என்று நினைவூட்டி, இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கொடியின் கறுப்பு, சமூகத்தில் நாம் வைக்கப்பட்ட இழிநிலை. நடுவில் உள்ள சிவப்பு, அதைப் போக்க எழும் முயற்சி. பாரிஸ் பட்டினிக்காரியின் கறுப்புக்கு வேறு பிறப்பு, வேறு வீடு.

உண்மையான தொடர்பு வேண்டுமானால் திருவல்லிக்கேணியில் தேடவேண்டும். எம்.பி.டி. ஆச்சார்யா 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையில் உழைத்தவர். பத்திரிகை புதுச்சேரிக்குத் தப்பியபோது கூடவே போனார். பிறகு பாரிஸ், லண்டன், பெர்லின் என்று அலைந்தார். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, எம்.என். ராயோடு மோதி வெளியேறினார். 1922 டிசம்பர் கடைசியில் பெர்லினில் ருடால்ஃப் ராக்கர் முதலியோர் அரசு மறுப்புத் தொழிற்சங்கங்களின் அகிலத்தைக் கூட்டியபோது, அந்தக் கறுப்பு சிவப்புக் கூட்டத்தில் பாரதியின் இந்தத் தோழரும் இருந்தார். அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பிரசுரங்களை ஆங்கில அரசு தடுத்து நிறுத்தியது. மலாயாத் தோட்டத்துப் பெரட்டுக் களம் வரை அவை எப்படி வரும்?

மலாயாவுக்கு அந்தக் கொள்கை வேறு வழியில் வந்தது. சீனப் பள்ளி ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் கொண்டுவந்தார்கள். 1919இல் கோலாலம்பூரில் 'யிக் குவான் போ' பத்திரிகை ஆசிரியர் கோ துன்பான் கைதானார். 1925 ஜனவரியில் அதே ஊரில் சீனர் பாதுகாவலர் அலுவலகத்தில் குண்டு வெடித்தது; கொண்டுபோனவர் கூந்தலைக் கத்தரித்திருந்த ஓர் இளம்பெண். ஆனால் சீனர் படித்ததைத் தமிழரோ, தமிழர் பேசியதைச் சீனரோ அறியாதபடிதான் தோட்டமும் ஈயச் சுரங்கமும் வகுக்கப்பட்டிருந்தன.

அதனால் நம்மாள்கள் தங்கள் அடையாளத்தைத் தாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது நடந்தது இந்தக் குளிர்மலையில் அல்ல. கீழே, கிள்ளானைச் சுற்றிய ரப்பர்க் காடுகளில், 1941இல். 'தமிழ் நேசன்' பத்திரிகையைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் பால்வெட்டுத் தொழிலாளர்களைத் திரட்டியது. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் கூலி மட்டும் விஷயமில்லை என்று புரியும். சீனருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்தச் சொன்னார்கள். உறவினர் தடையின்றி வந்துபோக வழி கேட்டார்கள். இவற்றோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை.

இந்தக் கடைசிக் கோரிக்கையிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். சைக்கிளில் வருகிற தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இதை வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்தால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைத்த பழக்கம் தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்தது. கப்பலேறி வந்தவர்களில் பலர் அந்தத் தெருக்களைத் தாண்டி வந்தவர்கள். துரை அந்த மரியாதைக் கணக்கை அப்படியே வாங்கித் தன் பேரில் எழுதிக்கொண்டான். கிராணி அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பட்டினிக்கு அஞ்சாமல் வேலையை நிறுத்தியவர்கள் சைக்கிள் மிதியில் காலை வைத்தபடியே கிராணியைக் கடந்து போக விரும்பினார்கள் என்றால், கறுப்புத் துணி கட்டிய துடைப்பக் கட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னோர் அடையாளம் தலையில் இருந்தது. இளைஞர்கள் காந்தி குல்லா அணிந்தார்கள். துரையின் சோலாத் தொப்பிக்கு எதிரே வெள்ளைக் கதர்க் குல்லா. கம்பத்தில் ஏறிய கொடியை இறக்கச் சொல்லலாம், பிடுங்கி எரிக்கலாம். தலையில் இருப்பதைக் கழற்றச் சொன்னால் ஒவ்வொரு தலையாகச் சண்டை போட்டாகவேண்டும். அதுதான் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதாகிப் பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பற்றியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து இந்தியப் பட்டாளத்தையே கொண்டுவந்து சுட்டார்கள். உயிர்கள் போயின.

கிள்ளான்காரர்களை அரசு மறுப்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் காங்கிரஸ் கொடியையும் பிடித்தார்கள், காந்தியையும் கும்பிட்டார்கள். ஆனால் கட்சித் தலைமை உத்தரவுக்குக் காத்திராமல், லயத்து வாசலில் கூடிப் பேசி இறங்கியவர்கள் என்ற அளவில், ராக்கர் எழுதியதை அவர்கள் படிக்காமலே செய்தார்கள். போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படையும் இப்படித்தான். சீருடை, அணிவகுப்பு, கள்ளுக்கடை மறியல். நேதாஜி படையில் பழகிய கால்கள் தோட்டத்துச் செம்மண் சடக்கில் நடந்தன. 1947இல் பீடோங் பக்கம் போலீஸ் அவர்கள்மீது பாய்ந்ததற்குக் கள் விற்பனை குறைந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கூலிக்காரன் வரிசையில் நிமிர்ந்து நிற்கிறான் என்பதே அரசுக்கு உறுத்தல்.

1954இல் சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி.பி. நாராயணன் பொதுச்செயலாளர். பதிவு பெற்ற சங்கம், சந்தா, முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம். இதனால் கிடைத்த நன்மைகளை மறுக்க முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் ஆச்சார்யா பம்பாயில் வறுமையில் இறந்தார். உயிரோடு இருந்து இந்த மேசையைப் பார்த்திருந்தால் நிச்சயம் ஒரு கண்டனக் கட்டுரை எழுதியிருப்பார்.

1947க்கும் 1954க்கும் நடுவே 1949 இருக்கிறது: அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்ட ஆண்டு. அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)