வெற்றுத் தோட்டாவும் பித்தளையின் இயல்பும்

துப்பாக்கி சுட்டபின் தரையில் உதிரும் வெற்றுத் தோட்டாவைப் பயனற்ற குப்பை என்றே பலரும் எண்ணுவர். அமெரிக்க நாட்டுச் சுடுதிடல்களிலோ, பயிற்சி முடிந்ததும் குனிந்து அவற்றைப் பொறுக்குவோரைக் காணலாம். அதே கூட்டில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுப் பயன்படுத்துவதே அவர்தம் நோக்கம். எக்கூட்டை எடுப்பது, எக்கூட்டை ஒதுக்குவது என்னும் தெளிவே சுடுவோரின் கண்ணையும் கையையும் காக்கிறது.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு. குண்டு, வெடிமருந்து, தட்டினால் தீப்பற்றும் எரிமூட்டி, இம்மூன்றையும் தாங்கும் கூடு என்பன அவை. முதல் மூன்றும் ஒரே முறையில் செலவாகிவிடும். கூடு மட்டும் எஞ்சும். அது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தால் கூடு விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரை ஒட்டி, ஆவி பின்புறம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்கி எளிதில் வெளிவருகிறது.

ஆயினும், இவ்வாறு விரிந்து சுருங்குவதாலும், பின்னர் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வதாலும் பித்தளை இறுகுகிறது. கன்னார் தட்டத் தட்டத் தகடு இறுகுவதும், காய்ச்சினால் இளகுவதும் யாவரும் அறிந்ததே. இறுகிய கூடு நாளடைவில் கழுத்தில் பிளக்கும். ஆதலின் கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குவர். அடிப்பகுதியைச் சூடாக்கலாகாது, அது மெதுவானால் அழுத்தத்தைத் தாங்காது.

பொறுக்குவோர் முதலில் காந்தத்தால் இரும்புக் கூடுகளைப் பிரிப்பர். கழுத்தில் கீறல் உள்ளதையும், அடிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையக்கோடு தோன்றியதையும் விலக்குவர். அக்கோடு, கூடு அவ்விடத்தில் மெலிந்து துண்டாகப் போவதன் அறிகுறி. பின்னர் உட்புறத்தை நோக்குவர். நடுவில் ஒரே துளை இருப்பின் அது பாக்சர் முறை. பழைய மூட்டியை ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். இரு சிறு துளைகள் இருப்பின் பெர்டான் முறை. அதில் மூட்டியை நீக்குதல் கடினம். பாக்சர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். எனினும் பாக்சர் முறையே அமெரிக்காவில் வேரூன்றியது வியப்புக்குரியது.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத தீங்கும் ஒன்றுண்டு. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள், மழைக்காலத்தில் குதிரை லாயங்களின் அருகே வைக்கப்பட்டபோது, சுடப்படாமலேயே பிளவுற்றன. பருவத்தையொட்டி நேர்ந்ததால் அது பருவப் பிளவு எனப் பெயர் பெற்றது. அதன் காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் விளக்கினர். கூட்டை இழுத்து உருவாக்குகையில் பித்தளையினுள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றுடன் சேர்ந்து அவ்விறுக்கமுள்ள இடத்தைத் தாக்கிப் பிளக்கிறது. மிதமான சூட்டில் அவ்விறுக்கத்தைத் தீர்ப்பதே அதற்கு மருந்தாயிற்று.

இக்காரணத்தாலேயே, பொறுக்கிய கூடுகளை அம்மோனியா கலந்த மெருகு நீரால் துலக்கலாகாது என்பர். பளபளப்பு ஏறினும் உள்ளே வலிமை குன்றக்கூடும். ஐயத்திற்கு இடமான கூட்டை நசுக்கிப் பழைய பித்தளையோடு உருக்க அனுப்புவதே தக்கது. அதனால் இழப்பது சில காசுகளே.