தடை வந்த பிறகு 30 நாள்

பிஸ்கட் உறையின் நிறத்துக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்ட வழக்கு ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் ஐடிசி தன் 'டைஜஸ்டிவ் ஆல் குட்' பிஸ்கட்டை மஞ்சளும் நீலமும் சேர்ந்த உறையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில மாதங்களில் பிரிட்டானியாவின் 'டைஜஸ்டிவ் ஜீரோ' ஏறக்குறைய அதே நிறங்களில் கடைக்கு வந்தது. செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பிரிட்டானியாவின் உறைக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2017 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை ரத்து செய்தது. சந்தைக்கு வந்து சில மாதமே ஆன உறை, பார்த்த மாத்திரத்தில் இது ஐடிசி சரக்கு என்று சொல்லும் அளவுக்கு மக்கள் மனத்தில் பதிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்றது அமர்வு. சாட்சி விசாரணையை எட்டாத கட்டத்திலேயே இவ்வளவும் நடந்தது. பிரிட்டானியாவால் வேறு உறை அச்சடித்துக்கொண்டு காத்திருக்க முடியும். மசாலாப் பொடியோ ஊறுகாயோ விற்கும் சிறு கம்பெனிக்கு ஆறு மாதத் தடை என்றால், அச்சடித்த கவர்க் கட்டுகள் குடோனில் முடங்கும். டீலர் அடுத்த பிராண்டுக்குப் போய்விடுவார். கடைக்காரர் அலமாரியில் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு தடை நீங்கி என்ன பயன்?

வழக்கு முடியும்வரை நிலைமை கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளை இருக்கிறது. வாதியின் வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா, தடை தராவிட்டால் பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா, தந்தால் யாருக்குக் கஷ்டம் கூடுதல் என்று மூன்றையும் நீதிபதி எடைபோட வேண்டும். டிரேட்மார்க் வழக்குகளில் இந்த எடைபோடலே கடைசித் தீர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தடை கிடைத்தவருக்கு வழக்கை முடிக்க அவசரம் இல்லை; தடை விழுந்தவருக்கு நடத்தத் தெம்பு இல்லை. 2009இல் ஒரு அரிசி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. தற்காலிகத் தடையைச் சுற்றியே வருடக்கணக்கில் சண்டை நடக்கிறது, மூல வழக்கு முடிவதே அபூர்வம் என்று சொல்லி, இத்தகைய வழக்குகளைத் தினமும் விசாரித்துச் சாதாரணமாக 4 மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. அதே 2009இல் 'பிரியஸ்' என்ற பெயருக்காக டொயோட்டா ஒரு இந்திய உதிரிபாக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே முதலில் தடை வந்தது, பிறகு நீங்கியது. அந்தப் பெயர் விஷயத்தில் டொயோட்டாவுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2017 டிசம்பரில். இடையில் தடை நீங்காமல் இருந்திருந்தால், ஜெயிக்கப்போகும் தரப்பு எட்டு வருடம் தன் பெயரைச் சொல்ல முடியாமல் இருந்திருக்கும். ஆகவே, வெளிப்படையாகத் தொழில் செய்யும் இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் ஒருவரை மட்டும் கேட்டுத் தடை தருவது மிக அரிதாகவே நடக்க வேண்டும் என்பேன்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. நோட்டீஸ் போன மறுநாளே போலிச் சரக்குக் குடோன் காலியாகிவிடும் என்பார்கள், அது உண்மை. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவே எதிர்த்தரப்பைக் கேட்காமல் உத்தரவிட இடம் தருகிறது. 'லக்ஷ்மண் ரேகா' பூச்சி மருந்து வழக்கில், 2004இல், மீறல் வெளிப்படையாக இருந்தால் வாதி தாமதமாக வந்தார் என்பதற்காகத் தடையை மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். மருந்துப் பெயர்களில் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்று 2001இல் கெடிலா வழக்கில் சொன்னது. பெயர் குழம்பினால் போவது நோயாளியின் உயிர். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் போலி வேறு, போட்டி வேறு. உறையிலேயே ஆலை முகவரியும் உரிம எண்ணும் போட்டு விற்பவர் இரவோடு இரவாக ஓடப்போவதில்லை. அவருக்கு ஒரு வார நோட்டீஸ் கொடுத்தால் வானம் இடிந்து விழாது. இரு தரப்பையும் கேட்டால் முடிவு எப்படி மாறும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் வந்த விஸ்கி தீர்ப்பு நல்ல சான்று: 'பிளெண்டர்ஸ் பிரைட்' உரிமையாளர் 'லண்டன் பிரைட்'டுக்குத் தடை கேட்டார், இந்தூர் வணிக நீதிமன்றம், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றும் மறுத்தன. 'பிரைட்' பொதுச் சொல், சின்னத்தை முழுதாகத்தான் ஒப்பிட வேண்டும் என்பது காரணம்.

தடை வந்துவிட்டால், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சரக்கை அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. உத்தரவு தவறாகவே இருந்தாலும், நீக்கப்படும்வரை மீறினால் சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை. மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் வாதி உத்தரவு வந்த உடனே உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும்; அதே நாளோ மறுநாளோ அப்படி அனுப்பியதாக நீதிமன்றத்தில் பிரமாணமும் போட்டிருக்க வேண்டும். அது தவறியிருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள். அடுத்து, உங்கள் பெயரை அவர் பயன்படுத்துவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பிருந்தே நீங்கள் பயன்படுத்தி வந்தீர்களா என்று பாருங்கள். வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34ஆவது பிரிவு அந்த முன்னுரிமையைக் காக்கிறது. பழைய பில், அச்சக ரசீது, விளம்பரக் கட்டிங், வரிக் கணக்கு இவைதான் அங்கே பேசும். வாதி தெரிந்தே பொய் சொல்லித் தடை வாங்கியிருந்தால் 39ஆவது கட்டளையின் 4ஆவது விதிப்படி அதை நீக்கக் கேட்கலாம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தந்த தடை மீதான மனுவை 30 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும். முடிக்காவிட்டால் காத்திருக்காமல் மேல்முறையீடு செய்யலாம் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் முன்கூட்டியே வந்திருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி, என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று கேவியட் போட்டுவைப்பது மலிவான காப்பு. அது 90 நாள்தான் செல்லும். புதுப்பிக்க மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தவறாகத் தடை வாங்கியவர் என்ன கொடுப்பார் என்ற இடத்தில்தான் சட்டம் மெலிந்து நிற்கிறது. போதிய காரணம் இல்லாமல் வாங்கிய தடைக்கு அதே சட்டத்தின் 95ஆவது பிரிவு தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு 50,000 ரூபாய். அதற்கு மனுப்போட்டு உத்தரவு வாங்கிவிட்டால், அதே நஷ்டத்துக்குத் தனி வழக்குப் போடும் வழியும் அடைபடும். இழப்பு பெரிது என்றால் எந்த வழி என்று யோசித்தே கையெழுத்துப் போட வேண்டும். இங்கிலாந்தில் தடை கேட்பவர், பின்னால் தோற்றால் எதிராளியின் நஷ்டத்தைக் கட்டுவேன் என்று உறுதிமொழி தருவது வழக்கமான நடைமுறை. நம் 39ஆவது கட்டளையின் 2ஆவது விதியும் பிணைத்தொகை கட்டச் சொல்லவும், கணக்கு வைக்கச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. தடை மனுவுக்குப் பதில் போடும்போதே, தடை தருவதாக இருந்தால் இவ்வளவு தொகைக்கு வாதி பிணை கட்ட வேண்டும் என்று, மாத விற்பனைக் கணக்கையும் இணைத்து, எழுத்தில் கேட்டுவிடுங்கள்.