நாயும் பூனையும் காணும் நிறங்கள்

மும்பையின் பல குடியிருப்புகளில் வாயிற்படியருகிலும், நிறுத்தி வைத்த கார்களின் சக்கரத்தருகிலும் நீலமோ சிவப்போ கலந்த நீர் நிறைந்த பாட்டில்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அந்நிறத்தைக் கண்டால் தெருநாய் அஞ்சி விலகும், இடத்தை அசுத்தம் செய்யாது என்பது வைப்போரின் நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் துணிக்கு இடும் நீலத்தைக் கரைத்து இவ்வாறு வைப்பதுண்டு. ஜப்பானில் பூனையைத் தடுக்கத் தெளிந்த நீர் பாட்டில்களை வைப்பர். ஆனால் இதே நம்மவர்தாம், நாய்க்கும் பூனைக்கும் நிறமே தெரியாது, உலகம் அவற்றிற்குப் பழைய கறுப்பு வெள்ளைச் சினிமாவே என்றும் கூறுகின்றனர். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது அன்றோ? ஆகவே அணுசக்தி நகர் அன்பர்களுக்கு இது குறித்துச் சிறிது கூற விழைகிறோம்.

கண்ணின் உட்புறத்திலுள்ள விழித்திரையில் இருவகை அணுக்கள் உள்ளன. கோல் வடிவின மங்கலான ஒளியிற் பார்க்க உதவுவன. கூம்பு வடிவின பகலொளியில் நிறத்தைப் பகுத்தறிய உதவுவன. மனிதனுக்குக் கூம்பணுக்கள் மூவகை. நாய்க்கோ இருவகையே.

இதனை 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜே நைட்ஸ், ஜெரால்ட் ஜேக்கப்ஸ் முதலிய விஞ்ஞானிகள் மூன்று நாய்களைக் கொண்டு சோதித்தனர். மூன்று பலகைகளில் ஒளி காட்டப்படும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறு நிறம். அதனை மூக்கால் தொடும் நாய்க்கு உணவுத் துண்டு பரிசு. நிறம் தெரியாவிடில் நாய் குருட்டாம்போக்கில்தான் தொட இயலும். அவ்வாறு நேரவில்லை. நீலத்தையும் மஞ்சளையும் நாய்கள் தெளிவாகப் பிரித்தறிந்தன. 2013-இல் ரஷ்ய விஞ்ஞானிகள் செய்த சோதனையிலோ, நாய்கள் ஒளியின் மிகுதி குறைவைவிட நிறத்தையே அடையாளமாகக் கொண்டது புலப்பட்டது.

எனவே கறுப்பு வெள்ளைக் கதை பொய். ஆயினும் நாயின் நிறவுலகம் நம்முடையதினும் சிறிது. நீலமும் ஊதாவும் அதற்கு நீலமாகத் தோன்றும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு ஆகியவை ஒரே மஞ்சளின் வேறுபாடுகளாகத் தோன்றும். சிவப்போ மங்கி இருண்டுவிடும். பசும்புல்லில் எறிந்த சிவப்புப் பந்தை நாய் பெரும்பாலும் மோப்பத்தாலும், பந்தின் அசைவாலும் தேடுகிறது. நீலப் பந்தைக் கண்ணாலேயே விரைவிற் கண்டெடுக்கும். பாட்டில் விஷயமும் இதனால் விளங்கும். சிவப்பு நீர் அதற்கு மங்கலானதொரு பொருள். நீல நீர் நன்கு தெரியும். ஆனால் தெரிவது வேறு, அஞ்சுவது வேறு. வாயிற்புறத்தைக் கழுவித் தூய்மையாக வைத்து, எச்சில் உணவை மூடிய தொட்டியில் இடுவதே நற்பயன் தரும்.

பூனையின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நிறங்கள் அதற்கு வெளிறித் தோன்றும். ஆனால் நமக்கு வேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலும் அதற்குப் போதும். கோலணுக்கள் மிகுந்திருப்பதும், விழித்திரைக்குப் பின்னே கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் படலம் இருப்பதும் இதற்குக் காரணங்கள். இருளில் பூனையின் கண் பளபளப்பது அப்படலத்தினாலேயே. இரவில் இரைதேடும் பிராணிக்கு நிறத்தினும் ஒளியே முதன்மை.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வருவோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் மனிதரிலும் உளர். ஐரோப்பிய வழியினரில் ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இக்குறை உண்டு; பெண்களில் மிக அரிது. அவருட் சிலருக்கு ஒருவகைக் கூம்பணு அறவே இராது. பெரும்பாலோருக்கு அது மாறுபட்டு வேலை செய்யும். இக்குறை தாய்வழியாக மகனுக்கு வருவது. தாயின் பார்வை பெரும்பாலும் செம்மையாக இருக்கும். தாய்மாமனுக்கோ தாய்வழிப் பாட்டனாருக்கோ குறை இருந்திருக்கலாம். இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டும் சிறுவனைக் கவனக்குறைவானவன் என்று அடிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுவதால் இதன் முக்கியத்துவத்தை நன்கறிவோம். 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு இரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டனர். நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று ஐயுற்ற ஹோல்ம்கிரன் என்னும் பேராசிரியர், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியரைச் சோதிக்கும் முறையைப் புகுத்தினார். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா, வண்ணப் புள்ளிகளிடையே எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளை வெளியிட்டார். இன்றும் நம் நாட்டில் எஞ்சின் ஓட்டுநர், நிலைய அதிகாரி முதலிய பணிகளுக்கு வருவோர் நிறப்பார்வைச் சோதனையில் தேறியாக வேண்டும். பல்லாண்டு படித்து, எழுத்துத் தேர்வில் வென்று, மருத்துவச் சோதனையன்றே தம் குறையை முதன்முதலில் அறிந்து மனமுடையும் இளைஞர் உளர்.

இத்துயரம் தவிர்க்கத்தக்கது. பள்ளியிற் படிக்கும் மகனை ஒருமுறை கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இவ்வட்டைகளைக் காட்டச் செய்யுங்கள். சில நிமிடங்களே ஆகும். குறை இருப்பின் அவனுக்கேற்ற துறையை முன்னரே தேர்ந்து கொள்ளலாம். நிறப்பார்வை கட்டாயமில்லாத அலுவலகப் பணிகள் இரயில்வேயிலேயே உள்ளன. இருநிறப் பார்வையோடு நாயும் பூனையும் குறையின்றி வாழ்கின்றன. நம் பிள்ளையும் வாழ்வான். அவன் கண்ணை அவனுக்கு முன்னரே அறிந்து வழிகாட்டுவது பெற்றோர் கடமை.