கெட்டும் பட்டணம் சேர்: எந்தப் பட்டணம்?

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வாக்கு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் 'பட்டணம்' என்றால் சென்னைதான். மகள் பள்ளியிறுதி வகுப்பை எட்டியதும் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இங்கேயே இருப்பதா, பட்டணம் போவதா? எங்களில் பலருடைய வீட்டுத் திண்ணைகளிலும் பேசப்படும் கேள்வி இது. ஆகவே இவ்விரு ஊர்களையும் வாழுமிடம் என்ற முறையில் ஒப்பிட்டுப் பார்க்க முனைந்தோம்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. இவ்விரண்டில் மூத்த பட்டணம் பழவேற்காடே! போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே இங்கு வந்துவிட்டனர். நம் மகிமை மாதா ஆலயம் 1515-ஆம் ஆண்டில் தோன்றியது என்பது மரபு. பின்னர் டச்சுக்காரர் விசயநகர மன்னரின் இசைவு பெற்று, 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் இதுவே. இங்கிருந்து துணிகள் கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குச் சென்றன. அங்கிருந்து வாசனைப் பொருள்கள் வந்தன. வெடிமருந்து செய்தனர், நாணயமும் அடித்தனர். அக்காலத்தில் ஆங்கிலேயரும் இங்கே வணிகம் செய்ய முயன்று, டச்சுக்காரரின் கை ஓங்கியிருந்தமையால் நிலைக்க முடியாமல் போயினர். 1626-இல் ஏரியின் வடபுறம் ஆர்மகானில் ஒதுங்கினர். அங்கும் வணிகம் செழிக்கவில்லை. எனவே 1639-இல் பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றார். பழவேற்காட்டில் இடம் கிடைக்காதவர்கள் அமைத்த ஊரே இன்றைய சென்னை எனின் மிகையாகாது.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. பஞ்ச காலங்களில் ஏழை மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டு, இதே துறையிலிருந்து பட்டாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். வணிகனுக்குச் சொர்க்கமாய் இருந்த ஊர் ஏழைக்கு அவ்வாறு இருக்கவில்லை.

1690-இல் டச்சுக்காரர் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1825-இல் பழவேற்காடு முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இடிந்து புதர் மண்டியது. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலையுடைய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நிற்கிறது. சென்னையோ வளர்ந்துகொண்டே சென்றது. 1688-இல் நகராட்சி மன்றம் அமைந்தது. 1734-இல் நெசவாளரைக் குடியேற்றச் சிந்தாதிரிப்பேட்டை உருவாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்ட மக்கள்தொகை 46 இலட்சத்திற்கும் மேல்.

வணிகர் போய்விட்டனர், மீனவர் போகவில்லை. ஏன்? ஏரி இருந்தது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் நீர் நுழைகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் வலையும் வெறுமையாகும், அடுப்பும் அணையும்.

இங்கு 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலை வைக்கும் உரிமையை ஊர்களும் குடும்பங்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று நல்ல இடம் ஒருவருக்கு. நாளை அது வேறொருவருக்கு. வலியவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதபடி முன்னோர் செய்த ஏற்பாடு இது. இத்தகைய ஒழுங்கைப் பட்டணத்தில் விலை கொடுத்தும் வாங்க முடியாது. எனினும் இதிலும் குறை உண்டு. பாட்டு உரிமை ஆண்களுக்கே உரியது. கூடை சுமந்து மீன் விற்கும் தாய்க்கும், வாயில் பறியைக் கவ்விக்கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும் அதில் பங்கில்லை.

பெண்களுக்குச் சென்னை கதவு திறந்தது என்பதை மறுக்க இயலாது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லிப் அம்மையார் 1885-இல் பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கக் காரணமானார். 1912-இல் முத்துலட்சுமி அம்மையார் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் இராணி மேரி கல்லூரியும், 1947-இல் கன்னியர் நடத்தும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும் தோன்றின. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பேறுகால வலி கண்டால், கைக்கெட்டும் தூரத்தில் பெரிய மருத்துவமனை இருப்பது எத்தகைய வரம் என்பதைத் தீவுக் குப்பத்தில் வாழ்பவர்களே அறிவர்.

அப்படியாயின் பட்டணமே மேலா? அங்கேயும் துன்பம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடிகளில் தவித்தவர் பலர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. இங்கே ஒரு வீட்டில் உலை வைக்காவிட்டால் பக்கத்து வீட்டு அத்தை குழம்புச் சட்டியோடு வருவார். அங்கே அடுத்த கதவுக்காரர் பெயரும் தெரியாமல் ஆண்டுகள் கழியக்கூடும். இங்கே கடனும் புயலும் அச்சம். அங்கே வாடகையும் தனிமையும் அச்சம்.

ஆராய ஆராய எங்களுக்கு ஒன்று விளங்கியது. இவ்விரு ஊர்களும் ஒரே நீரால் இணைந்தவை. ஒருகாலத்தில் பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் சிப்பியும் படகேறிப் பட்டணம் சென்றன. இன்றும் நம் மீன் பட்டணத்துச் சந்தைக்குச் செல்கிறது. பட்டணம் குடிக்கும் நீரில் ஒரு பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளிலிருந்து போகிறது. பட்டணத்திற்கு வேண்டிய துறைமுகங்களும் மின் நிலையங்களும் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் நம் அருகில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வலையை இழந்தவர் மீனவரே. ஆகவே பட்டணம் போனாலும் நாம் ஏரியை விட்டு விலகிவிடுவதில்லை. நாம் அங்கே திறக்கும் குழாயும், போடும் குப்பையும், ஏற்றும் விளக்கும் இங்கேயுள்ள வலையைத் தொடுகின்றன.

எங்கள் முடிவு இதுதான். கல்விக்கும் மருத்துவத்திற்கும் பட்டணம் சிறந்தது. பகிர்ந்து வாழும் பண்புக்குப் பழவேற்காடு சிறந்தது. பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கும் பெற்றோரே, அஞ்சாமல் அனுப்புங்கள்! போகும் தோழியரே, பாட்டு முறையின் நீதியை உடன் கொண்டு செல்லுங்கள்! மருத்துவராகவும் ஆசிரியையாகவும் திரும்பிவர ஒரு சிலருக்காவது மனமிருந்தால், இந்தக் கேள்வியே ஒருநாள் எழாமல் போகும்.

புனித இராயப்பரும் ஓர் ஏரிக்கரை மீனவரே. வலையை விட்டு உரோமாபுரி வரை சென்றார். ஆயினும் உயிர்த்த ஆண்டவர் அவருக்குக் காலை உணவு தந்தது அந்தப் பழைய ஏரிக்கரையிலேதான். போவதும் அழைப்பே, கரையை மறவாதிருப்பதும் அழைப்பே.