அறையில் அடங்கிய பேஸ் காரில் ஏன் அதிர்கிறது?

ஜார்ஜ் டவுன் வீட்டு அறையில் மடிக்கணினியை வைத்து, உறுமி மேளத்தோடு ஒரு பாட்டை மிக்ஸ் செய்கிறீர்கள். பேஸ் போதவில்லை, கூட்டுகிறீர்கள். காரில் போட்டால் கண்ணாடியே நடுங்குகிறது. காதில் கோளாறில்லை, உட்கார்ந்த இடத்தில்தான்.

பினாங்கின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். முன்சுவருக்கும் பின்சுவருக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால், 58 ஹெர்ட்ஸ் அலை மோதித் திரும்பித் தன்மேலேயே படிந்து நிலையலை ஆகிவிடும். சுவரோரம் அது பெருகும். நட்ட நடுவில் ஏறக்குறைய காணாமலே போகும். அங்கே உட்கார்ந்தவர் கேட்காததைக் கூட்டிக்கொண்டே இருப்பார்.

இதற்கு முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. 6 மீட்டர் நீள அலைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. காசில்லாத வழி, நாற்காலியை நகர்த்துவது: முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு என்பது பலரும் தொடங்கும் இடம். பிறகு ஹெட்போனில் கேளுங்கள்; அதற்குச் சுவரே கிடையாது. நன்றாக மிக்ஸ் ஆன பாட்டொன்றை அதே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மிக்ஸுக்குப் பிறகு வரும் மாஸ்டரிங்கில் சத்தத்தை உச்சிக்கு ஏற்றியும் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாகச் சத்தத்தை மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். நசுங்கிய மேளம் நசுங்கியபடியே ஒலிக்கும்.