டப்பாவில் 600, பாய்லரில் 140

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இஐஆர் 21 நீராவி எஞ்சின், 2019-இல் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடியது. நூறாண்டுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்றிருந்ததை, பெரம்பூர் லோகோ பணிமனை 2010-இல் ஓடவைத்தது. ஆனால் கேரள-தமிழ்நாடு எல்லைப்புறத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் ரயில் வந்ததே 1979-இல்தான். மீட்டர் கேஜ் 1931-லேயே திருவனந்தபுரம் தம்பானூரை எட்டியது. அதற்குத் தெற்கே வர அரை நூற்றாண்டு ஆயிற்று. இங்கே நீராவிமேல் ஆசைப்பட்டவர்கள் ஒன்று பயணம் போக வேண்டும், இல்லாவிட்டால் சின்னதாக ஒரு மாடல் எஞ்சினைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும்.

செம்புக் குழாயும் பித்தளைத் தகடும், பக்கத்தில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் செய்துவிடலாம். பெயிண்ட் அடிக்கும்போதுதான் தலைவலி. களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால், பைக் சைலன்சருக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவை எடுத்துத் தருவார்கள். அதில் பெரிய எழுத்தில் 600 டிகிரி என்றிருக்கும். அந்த எண்ணை நம்பி எஞ்சின் முழுக்க அடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். என் கணக்கில், தொல்லை தொடங்குவது அங்கேதான்.

முதலில் எஞ்சினின் எந்தப் பாகம் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாய்லரின் சூடு நீராவியின் சூட்டைப் பெரிதாகத் தாண்டாது. வீட்டுக் குக்கர் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. சின்ன மாடல் பாய்லர் 40 பவுண்டில் ஓடினாலும் 141 டிகிரிதான். 200 டிகிரி தாங்கும் பெயிண்ட் அதற்குத் தாராளம். சாதா சிந்தெடிக் எனாமல்தான் அந்தச் சூட்டில் நாளடைவில் மஞ்சளித்துக் கொப்புளம் விடும். சக்கரம், சட்டம், டிரைவர் நிற்கும் கூண்டு ஆகியவற்றில் பெரிய சூடே கிடையாது, எனாமல் போதும். மிச்சமிருப்பவை தண்ணீர் சூழாத வகை அடுப்புப் பெட்டி, புகைப்பெட்டி, புகைபோக்கி. தண்ணீர் படாமல் தீயும் புகையும் மட்டும் படும் இடங்கள் இவை; 200 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பெரிய எஞ்சின்களில் பாய்லர்மீது வெப்பக்காப்பு சுற்றி, அதற்குமேல் தகடு போர்த்தியிருப்பார்கள். நாம் ரசிக்கும் வண்ணம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. புகைப்பெட்டிக்குப் போர்வை கிடையாது. ஊட்டி மலை ரயில் எஞ்சின் நீல நிறமாக இருந்தாலும் அதன் புகைப்பெட்டி கறுப்பாக இருப்பது இதனால்தான்.

600 டிகிரி பெயிண்டில் இன்னொரு சங்கதி உண்டு. அது சிலிக்கோன் ரெசினில் செய்தது. அடித்த அரை மணியில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், போனது தின்னர் மட்டும்தான். ரெசின் இறுக, பெரும்பாலான டப்பாக்களில் சொல்லியபடி, 200 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் சூடேற்ற வேண்டும். அதுவரை நகம் பட்டால் கீறும், எண்ணெய் பட்டால் இளகும். 141 டிகிரியைத் தாண்டாத பாய்லரில் அதை அடித்தால், எத்தனை நாள் ஓட்டினாலும் முழுசாக இறுகாமலே கிடக்கலாம். சரி, ஓவனில் வைக்கலாமே என்றால், ஈயம் கலந்த சாதா சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். பெயிண்ட் இறுகுவதற்குள் எஞ்சின் கழன்று விழும். சில்வர் பிரேசிங் செய்த பாகங்களை மட்டும் தனியே கழற்றிச் சுடுவதுதான் வழி. சமையல் ஓவன் வேண்டாம்.

பிரைமரிலும் கவனம் வேண்டும். பித்தளையில் எனாமல் பிடிக்க, கார் பெயிண்டர்கள் அடிக்கும் எட்ச் பிரைமர் நல்லது. சைலன்சர் பெயிண்டுக்குக் கீழே அதை அடித்தால் சூட்டில் பிரைமர் தோற்று, மேலுள்ளதையும் உரித்துக்கொண்டு வரும். அங்கே உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்த வெறும் உலோகமே போதும். பூச்சு மெலிதாக இருக்கட்டும்; கனத்தால் வெடிக்கும்.

அதிக சூட்டில் நிலைக்கும் நிறங்கள் கொஞ்சம்: கறுப்பு, அலுமினியம், காவிச் சிவப்பு. இரும்பு ஆக்சைடில் செய்த மஞ்சளைப் புகைபோக்கியில் கோடு போட்டால், அதிலுள்ள நீர் வெளியேறி அது செங்கல் நிறமாகிவிடும். சூளையில் மண் சிவப்பதும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான்.

எல்லைப்புறத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியிலும் துலா மாதத்திலும் ஸ்பிரே அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். தை, மாசி வெயிலில் முற்பகல் நேரம் தோதானது. ஸ்பிரே டப்பாக்களை விமானக் கூரியரில் சாதாரணமாக ஏற்றமாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்துக் கடையில் கிடைப்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் புகைப்பெட்டியை எஞ்சினிலேயே சுட்டுக்கொள்ளலாம். முதலில் பத்து நிமிடம் சின்னத் தீ, முழுக்க ஆறவிட்டு அடுத்த முறை கொஞ்சம் கூட்டி. இப்படி மூன்று நான்கு தடவை. புகையும் நாற்றமும் வரும், முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். பாய்லரில் தண்ணீர் இல்லாமல் மட்டும் பற்றவைக்க வேண்டாம்.