ஜி.எம். பிழைத்தது, ஓட்டு யாருக்குப் போனது?

2008 டிசம்பர் 11 இரவு, அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா விழுந்தது. திவாலின் விளிம்பில் நின்ற ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் கம்பெனிகளுக்கு 1,400 கோடி டாலர் அவசரக் கடன் கொடுப்பதற்கான மசோதா அது. முந்தைய நாள்தான் பிரதிநிதிகள் சபையில் 237க்கு 170 என்று நிறைவேறியிருந்தது. செனட்டில் அதை மேலே கொண்டுபோக 60 ஓட்டுகள் வேண்டும். கிடைத்தவை 52.

எதிர்ப்பில் முன்னே நின்றவர்கள் தென் மாநிலக் குடியரசுக் கட்சிக்காரர்கள். அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பியும் டென்னசியின் பாப் கார்க்கரும் அவர்களில் முக்கியமானவர்கள். நிர்வாகம் தெரியாமல் நொடித்துப்போன கம்பெனிக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 1993இல் மெர்சிடிஸ் ஆலையைக் கொண்டுவர அலபாமா 25 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்திருந்தது. 2008இல், அதாவது இந்தச் சண்டை நடந்த அதே ஆண்டில், சட்டனூகாவுக்கு வரச் சம்மதித்த ஃபோக்ஸ்வாகனுக்கு டென்னசி ஒதுக்கியது 50 கோடி டாலருக்கும் மேல். அந்த ஊரின் முன்னாள் மேயர்தான் கார்க்கர்.

வேறுபாடு சங்கத்தில் இருந்தது. தெற்கின் வெளிநாட்டு கார் ஆலைகளில் அப்போது தொழிற்சங்கம் இல்லை. டெட்ராய்ட் கம்பெனிகளிலோ யு.ஏ.டபிள்யூ. சங்கம் வேரூன்றியிருந்தது. அந்தத் தெற்கத்திய ஆலைகளின் கூலிக்கு 2009க்குள் இறங்கி வாருங்கள் என்றார்கள் செனட்டர்கள். அப்போதைய ஒப்பந்தம் முடியும் 2011 வரை பொறுங்கள் என்றது சங்கம். பேச்சு முறிந்தது அங்கேதான்.

எட்டு நாள் கழித்து ஜார்ஜ் புஷ், வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கியிருந்த 70,000 கோடி டாலர் நிதியிலிருந்து 1,740 கோடியை எடுத்துக் கொடுத்தார். சொந்தக் கட்சி செனட்டர்கள் தடுத்ததை அந்தக் கட்சியின் ஜனாதிபதியே செய்தார். பராக் ஒபாமா ஏற்கெனவே தேர்தலில் வென்றிருந்தார். புஷ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இனி ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை என்ற நிலைதான் அவருக்கு அந்தத் துணிச்சலைத் தந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஒபாமா இன்னும் கடுமையாக நடந்துகொண்டார். 2009 மார்ச்சில் ஜி.எம். தலைவர் ரிக் வேகனர் பதவி விலக வைக்கப்பட்டார். ஏப்ரல் 30இல் கிரைஸ்லரும் ஜூன் 1இல் ஜி.எம்.மும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. வெளியே வந்த புதிய ஜி.எம்.மில் சுமார் 61 சதவீதம் அரசின் கையில் இருந்தது. எதிரிகள் அதற்கு ‘கவர்ன்மென்ட் மோட்டார்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வங்கி மீட்பின் மீதும் புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மீதும் இருந்த கோபத்தோடு இந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. 2010 தேர்தலில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி கூடுதலாகப் பிடித்த இடங்கள் 63.

இரண்டே ஆண்டில் காற்று திசை மாறியது. ஆலைகளில் ஷிஃப்டுகள் கூடின, 2011இல் ஜி.எம். மறுபடி உலக விற்பனையில் முதலிடம் பிடித்தது. 2012இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி டெட்ராய்ட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா ஜார்ஜ் ராம்னி ஒரு கார் கம்பெனியின் தலைவராகவும் மிச்சிகன் ஆளுநராகவும் இருந்தவர். ஆனால் மகன் 2008இல் எழுதிய கட்டுரைக்கு ‘டெட்ராய்ட் திவாலாகட்டும்’ என்று பத்திரிகை வைத்த தலைப்பு அவரை விட்டு அகலவே இல்லை. நீதிமன்றம் வழியாகச் சீரமைக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதியிருந்தார். ஒபாமா அரசும் கடைசியில் அந்த வழியாகத்தான் போனது. ஆனால் அந்த நெருக்கடியில் திவாலான கம்பெனியை நடத்தப் பணம் போட அரசைத் தவிர ஆளில்லை. ராம்னியின் வாதம் அந்த இடத்தில் நிற்கவில்லை.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஒஹையோவில் அவர் தரப்பு ஒரு விளம்பரம் விட்டது. கிரைஸ்லரை இத்தாலியர்களிடம் விற்றுவிட்டார்கள், அவர்கள் ஜீப்பைச் சீனாவில் செய்யப் போகிறார்கள் என்றது விளம்பரம். ஜீப் தயாராகும் டொலீடோ நகரமே ஒஹையோவில்தான் இருக்கிறது. அமெரிக்க உற்பத்தி எங்கும் போகவில்லை என்று கிரைஸ்லர் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே தாமே மறுத்தார். ஒபாமா ஒஹையோவில் சுமார் 3 சதவீத வித்தியாசத்திலும் மிச்சிகனில் 9 சதவீதத்துக்கு மேலும் வென்றார்.

இதைப் பார்த்து, கம்பெனியைக் காப்பாற்றினால் ஓட்டு தானாக வரும் என்று கணக்குப் போடக் கூடாது. 1980 ஜனவரியில் கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம் தந்த ஜிம்மி கார்ட்டர், அதே ஆண்டு நவம்பரில் கிரைஸ்லரின் சொந்த மாநிலமான மிச்சிகனிலேயே ரீகனிடம் தோற்றார். ஜெர்மனியில் 2009 தேர்தலுக்கு முன், ஜி.எம்.முக்குச் சொந்தமாக இருந்த ஓப்பல் ஆலைகளைக் காக்க ஏங்கலா மெர்க்கெல் 150 கோடி யூரோ கடன் ஏற்பாடு செய்து, அதை மாக்னா நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்கு விற்கவும் வழி செய்தார். தேர்தலில் வென்றார். நவம்பரில் அவர் வாஷிங்டனில் இருந்த நாளிலேயே, ஓப்பலை விற்கப் போவதில்லை என்று ஜி.எம். அறிவித்தது.

ஒஹையோவும் மிச்சிகனும் 2016இல் டொனால்ட் டிரம்ப்புக்குப் போயின. மிச்சிகனில் வித்தியாசம் வெறும் 10,704 ஓட்டு. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மீட்பின் சுமை யார் தலையில் இறங்கியது என்று பார்க்காமல் இந்த மாற்றம் புரியாது.

மீட்புக்குப் பிறகு ஒரே அசெம்பிளி லைனில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். செய்த வேலை ஒன்று. பழையவருக்கு மணிக்குச் சுமார் 28 டாலர், புதிதாகச் சேர்ந்தவருக்கு 14 டாலரை ஒட்டி. 2007 ஒப்பந்தத்தில் நுழைந்த இந்த இரட்டைக் கூலியை 2009 மீட்பு கெட்டிப்படுத்தியது. விலைவாசிக்கேற்ற பஞ்சப்படியும் அப்போதுதான் நின்றது. கம்பெனி லாபத்துக்குத் திரும்பிய பிறகும் பழைய கூலி முறையும் பஞ்சப்படியும் உடனே திரும்பவில்லை.

லார்ட்ஸ்டவுன் கதை இன்னும் கசப்பானது. ஒஹையோவின் அந்த ஜி.எம். ஆலைக்கு அருகே, யங்ஸ்டவுனில் 2017 ஜூலையில் பேசிய டிரம்ப், வேலைகள் எல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. அப்படியும் 2020இல் ஆலை இருந்த மாவட்டம் டிரம்ப்புக்கே ஓட்டுப் போட்டது. 2009இல் வரிப்பணத்தில் பிழைத்த கம்பெனி பத்தே ஆண்டில் கதவைச் சாத்தியபோது, வாக்குத் தந்த அரசியல்வாதியைவிட அந்த மீட்பின் மீதே நம்பிக்கை அதிகம் போயிருந்தது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

ஜி.எம்., கிரைஸ்லர், அவற்றின் நிதி நிறுவனங்கள் எல்லாவற்றுக்குமாக அரசு போட்டது சுமார் 8,000 கோடி டாலர். தன் கையிலிருந்த கடைசிப் பங்கையும் 2014 டிசம்பரில் அரசு விற்ற பிறகு பார்த்தால், மொத்த நஷ்டம் 900 கோடிக்குச் சற்று மேல். லட்சக்கணக்கான வேலைகள் நின்றதற்கு இது அதிக விலை இல்லை. மீட்பு சரியான முடிவே. பங்கிட்டதில்தான் தவறு நடந்தது.

அந்தத் தவறில் ஒரு பகுதி 2023இல் சரியானது. டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. பெல்வில் என்ற ஊரில் ஜோ பைடனே மறியலில் வந்து நின்றார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் அப்படி நின்றது அதுவே முதல் முறை. பஞ்சப்படி மீண்டது. உச்சக் கூலியை எட்ட எட்டு ஆண்டு காத்திருந்த நிலை மூன்று ஆண்டாகக் குறைந்தது.

டெல்ஃபிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ஜி.எம்.மிலிருந்து 1999இல் பிரிந்த அந்த உதிரிபாகக் கம்பெனி நொடித்தபோது, பென்ஷன் பொறுப்பு 2009இல் அரசின் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது. அது சட்டம் சொல்லும் உச்சவரம்பு வரைதான் கொடுக்கும். சங்கத் தொழிலாளர்களுக்குக் குறைந்ததை ஜி.எம். ஈடுகட்டியது. அவர்களுக்கு மேலே சூப்பர்வைசராகவும் இன்ஜினீயராகவும் இருந்த சுமார் 20,000 மாதச் சம்பளக்காரர்களுக்கு ஈடுகட்டவில்லை. சிலருக்குப் பாதிக்கு மேல் பென்ஷன் போனது. மருத்துவக் காப்பீடும் போனது. அவர்கள் தொடுத்த வழக்கை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் அவர்களுக்கு முழுப் பென்ஷன் தரும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட்டில் அது நிறைவேறவில்லை.